காத்து ஜாஸ்தி, எண்ணெய் ஜாஸ்தி

எங்கள் மோட்டார் கடையில் 'லீன்', 'ரிச்' என்ற சொற்களை யாரும் பயன்படுத்துவதில்லை. இன்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று கூடிவிட்டால் 'காத்து ஜாஸ்தி'. பெட்ரோல் கூடிவிட்டால் 'எண்ணெய் ஜாஸ்தி'. பெட்ரோலை எண்ணெய் என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே என் மாமா முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்திவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அவை போதும்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. ஒரு சின்னக் குளியலறை கொள்ளும் அளவு. நம் கப்சாய் மோட்டார்களின் டாங்கி நான்கு லிட்டர் சொச்சம்தான். ஒருமுறை நிரப்பியதைத் தீர்ப்பதற்குள் அந்தச் சின்ன இன்ஜின் நான்கு குளியலறைக் காற்றை இழுத்துக் குடித்துவிடும். காசு கொடுத்து வாங்குவது பெட்ரோலை மட்டும் என்பதால் நாம் அதைப் பற்றியே பேசுகிறோம். காற்று இலவசம். அதனால் யார் கணக்கிலும் வருவதில்லை.

மாமாவின் கணக்கில் வந்தது. அவர் அம்மாவின் தம்பி. கேரித் தீவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் ஹோண்டா சி70ஐப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டவர். கலவை சரியா இல்லையா என்று பார்க்க அவருக்கு மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி பிளக். மோட்டாரை முழுசாக முறுக்கி ஓட்டி, சட்டென்று இன்ஜினை அணைத்து, ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். நுனி மேரி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் காத்து ஜாஸ்தி. அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தால் எண்ணெய் ஜாஸ்தி. இரண்டாவது வழி காது. முறுக்கியதை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டு நின்றால் காத்து ஜாஸ்தி. சத்தம் தொண்டை கட்டினமாதிரி மந்தமாக வந்தால் எண்ணெய் ஜாஸ்தி. மூன்றாவது வழிதான் அவருடைய பெருமை. எக்சோஸ் பக்கம் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். நிமிரும்போது கையில் ஸ்குரூ டிரைவர் இருக்கும்.

கார்பரேட்டர் காலத்தில் இந்த மூன்றும் போதுமானதாக இருந்தது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு கார்ப் மோட்டாரில் போனவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். பாதி மலை ஏறியதுமே மோட்டாருக்கு மூச்சு வாங்கும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. ஆனால் கார்ப்பில் இருக்கும் ஜெட்டின் துளை அதே அளவுதான். அது கிள்ளானில் ஊற்றிய கணக்கிலேயே மலையிலும் ஊற்றும். மாமா மலைக்குப் போகும்போதெல்லாம் சட்டைப் பையில் ஒரு சின்ன ஜெட்டை டிஷ்யூவில் சுற்றி வைத்திருப்பார் என்று அத்தை சொல்லியிருக்கிறார். சிலருக்குப் பாக்கெட்டில் முருகன் படம்; இவருக்கு ஜெட்.

பிறகு இன்ஜெக்ஷன் வந்தது. 2015இல் யமஹா ஒய்15 வந்தபோது தாமானுக்குத் தாமான் பையன்கள் அதைத்தான் வாங்கினார்கள். அதில் காற்றழுத்தத்தை அளக்க ஒரு சென்சார், காற்றின் சூட்டை அளக்க ஒன்று, எவ்வளவு முறுக்கியிருக்கிறோம் என்று பார்க்க ஒன்று. எல்லாவற்றையும் வைத்து ஈசியூ என்ற சின்னக் கம்ப்யூட்டர் எவ்வளவு எண்ணெய் பீய்ச்ச வேண்டும் என்று முடிவு செய்யும். மலை ஏறினால் அதுவே குறைத்துக்கொள்ளும். மாமா திருகுவதற்கு அதில் ஸ்குரூ இல்லை. அவர் அப்போதும் எக்சோஸ் பக்கம் குனிந்து மூச்சு இழுத்துச் சொல்வார், சரியாகவும் சொல்வார். ஆனால் சொன்னதைச் செய்ய லேப்டாப் தேவைப்பட்டது. அங்கேதான் நான் உள்ளே வந்தேன். போலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துவிட்டு ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை எனக்கு. சனி, ஞாயிறுகளில் மாமா கடை. அவர் முகர்ந்து சொல்வார். நான் தட்டுவேன்.

2021 ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கே அடைத்துக் கிடந்த நாட்களில் மாமாவுக்குக் கோவிட் வந்தது. மூன்று வாரத்தில் எழுந்துவிட்டார். மூக்கு எழவில்லை.

கடை திறந்த முதல் நாள் ஒரு பழைய இஎக்ஸ்5 வந்தது. ஸ்டார்ட் செய்து எக்சோஸ் பக்கம் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். கொண்டு வந்த அங்கிள், "என்ன தம்பி, எண்ணெய் ஜாஸ்தியா?" என்று கேட்டார். "நாளைக்கு வந்து எடுத்துக்குங்கண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமா அப்படி ஒரு வாடிக்கையாளரை நாளைக்கு வா என்று அனுப்பி நான் பார்த்ததில்லை.

சில மாதங்களில் வாசனை திரும்பியது. ஆனால் தப்பாகத் திரும்பியது. அத்தை காப்பி வைத்தால், "இதுல எக்சோஸ் வாசம் அடிக்குது" என்று தள்ளி வைத்தார். வெங்காயம் வதக்கினால் வெளியே போய் நின்றார். கோவிட்டுக்குப் பிறகு பலருக்கு வந்த தொல்லை இது. டாக்டர் அதற்கு ஒரு பெயரும் சொன்னார். சமையற்காரருக்கு நாக்கு எப்படியோ, மாமாவுக்கு மூக்கு அப்படி. காப்பியில் எக்சோஸ் வாசம் வருகிற மூக்கை எக்சோஸ் பக்கம் கொண்டுபோய் என்ன பயன்?

அந்த ஆண்டு போனஸில் நான் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் அதற்கான மீட்டரும் வாங்கிக் கொண்டுபோனேன். மாமா பெட்டியைத் திறந்து பார்த்தார். கட்டைவிரல் பருமனில் ஓர் உலோகக் குழாய், நுனியில் துளைகள், பின்னால் ஒயர்கள்.

"மூக்கு போனவனுக்கு மூக்கு வாங்கிட்டு வந்திருக்கியா பாப்பா?"

கிண்டலா, கோபமா என்று தெரியவில்லை. நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் குழாய்க்குள் இருப்பது ஒரு பீங்கான் துண்டு. சிர்கோனியா என்ற பொருள், அதில் கொஞ்சம் இட்ரியா கலந்திருக்கும். 1897 வாக்கில் வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதே வகைப் பீங்கானை வைத்து மின்விளக்கு செய்தார். சூடாக்கினால் அதன் வழியே மின்சாரம் ஓடி, அது ஒளிரும். விளக்கு நிலைக்கவில்லை. பீங்கான் நிலைத்தது. சூடான சிர்கோனியாவின் ஒரு பக்கம் வெளிக்காற்றும் மறு பக்கம் எக்சோஸ் புகையும் பட்டால், இரு பக்கத்திலும் இருக்கும் ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப ஒரு சின்ன மின்னழுத்தம் உண்டாகும். அந்தக் கணக்கும் நெர்ன்ஸ்ட் பெயரில்தான் இருக்கிறது.

1976இல் போஷ் நிறுவனம் இதை வண்டிக்கான சென்சாராகச் செய்ய, வோல்வோ அமெரிக்காவில் விற்ற தன் கார்களில் முதலில் பொருத்தியது. கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடுகள்தான் காரணம். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்ய, கலவை எப்போதும் 14.7ஐ ஒட்டியே இருக்க வேண்டும். அதற்குக் காவல்காரனாக வந்ததுதான் இந்த சென்சார். சாதாரண சென்சாருக்குத் தெரிந்தது இரண்டே பதில். 0.45 வோல்ட்டுக்கு மேலே ஏறினால் எண்ணெய் ஜாஸ்தி, கீழே இறங்கினால் காத்து ஜாஸ்தி. எவ்வளவு ஜாஸ்தி என்று கேட்டால் சொல்லாது. வைட்பேண்ட் சென்சாரில் ஆக்சிஜனைத் தள்ளவும் இழுக்கவும் இன்னொரு சின்னப் பம்ப் அறை உண்டு. சமநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு தள்ள வேண்டியிருந்தது என்பதை வைத்து அது 12.8 என்றோ 15.1 என்றோ எண்ணாகச் சொல்லும்.

புகையைக் குறைக்கப் பிறந்த பொருள் இன்று நம் ஊரில் பெரும்பாலும் வேகம் கூட்டத்தான் வாங்கப்படுகிறது. எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

சென்சார் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அதைப் பொருத்துவதில்தான் பாதி வேலை. எக்சோஸ் குழாயில் துளை போட்டு, 18 மில்லிமீட்டர் மரை உள்ள ஒரு வளையத்தை வெல்டிங் வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. இன்ஜினுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் சூட்டில் சென்சார் சாகும். எக்சோஸின் வால் பக்கம் வைத்தால் வெளிக்காற்று உள்ளே திரும்பி வந்து, இல்லாத காற்றை இருப்பதாகக் காட்டும். குழாயின் அடிப்பக்கம் வைக்கவே கூடாது. இன்ஜின் ஆறும்போது குழாய்க்குள் தண்ணீர் வியர்க்கும். வேலை செய்யும்போது அந்தப் பீங்கானின் சூடு 780 டிகிரி செல்சியஸ். சுட்ட சட்டியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அதனால் சென்சார் மேல் பக்கமாக, படுகிடைக்குக் குறைந்தது பத்து டிகிரி மேலே சாய்ந்து நிற்க வேண்டும். தண்ணீர் வடிந்து போய்விடும்.

இதையெல்லாம் நான் படித்துச் சொன்னேன். குழாயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "இங்க வெச்சா ஓட்டுறவன் கால் படும். இங்க வெச்சா மழைத்தண்ணி நேரா அடிக்கும். இங்கதான்" என்று சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டது மாமா. அந்த மெல்லிய குழாயில் ஓட்டை விழாமல், ஒரு ஊசிமுனை சந்துகூட இல்லாமல் வெல்டிங் வைத்ததும் அவர்தான். சென்சாருக்கு முன்னால் ஒரு சின்ன சந்து இருந்தாலும், எக்சோஸ் கேஸ்கெட் கொஞ்சம் கசிந்தாலும், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு மீட்டர் காத்து ஜாஸ்தி என்று காட்டும். அதை நம்பி எண்ணெய் ஏற்றினால் கதை கந்தல். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சென்சாரின் நாணயம் கடைசியில் ஒரு வெல்டரின் கையில்தான் இருந்தது.

கடை மேசையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பேனா வைப்பதற்கு. அதன் தலையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் உருகிய மெழுகு மாதிரி வழிந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். மாமா ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த மோட்டாரை ஓட்டியவர் இருக்கிறார். இப்போது லாரி ஓட்டுகிறார். கணுக்காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் முழுசாக முறுக்கிக்கொண்டு போகும்போது பிஸ்டன் உருகிப் பிடித்து, பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் மோட்டாரில் போகிறவர்கள். 'காத்து ஜாஸ்தி' என்பதற்கு அப்படியும் ஒரு அர்த்தம் உண்டு என்பதை அந்தப் பேனா ஸ்டாண்டு சொல்லிக்கொண்டே இருக்கும்.

சென்சார் வந்த மறு ஆண்டு ஒரு தம்பி ஒய்15இல் வந்தான். இருபத்து இரண்டு வயது இருக்கும். உணவு டெலிவரி வேலை. காலை பதினோரு மணிக்கு இறங்கினால் நள்ளிரவு வரை சாலைதான். வேறு எங்கோ 62 ப்ளாக் போட்டிருந்தான். இரண்டாம் கையாக ஒரு ஈசியூவும் வாங்கியிருந்தான். "அக்கா, மேல போனா இழுக்க மாட்டேங்குது. கொஞ்சம் டியூன் பண்ணிக் கொடுங்க" என்றான்.

ஒய்15இன் ஒரிஜினல் ப்ளாக்கின் விட்டம் 57 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 58.7. பெருக்கினால் 150 சிசி. விட்டத்தை 62 ஆக்கினால் 177 சிசி. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் உள்ளே போகும் காற்று 18 விழுக்காடு கூடிவிடுகிறது. பிரச்சினை என்னவென்றால் அந்தச் செய்தியை ஈசியூவுக்கு யாரும் சொல்லவில்லை. ப்ளாக் போட்டவர்கள் 150 சிசிக்கான மேப்பையே விட்டுவிட்டார்கள். மேப் என்பது ஒரு அட்டவணை. குறுக்கே எவ்வளவு முறுக்கு, நெடுக்கே இன்ஜின் சுற்று. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு எண்ணெய் என்ற ஓர் எண்.

நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். முழு முறுக்கில் கலவை 12.8 அளவில் இருக்க வேண்டும். 14.7 என்பது சுத்தமாக எரிவதற்கான கணக்கு. முழு பலத்தோடு இழுக்கும்போது எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அந்தக் கூடுதல் எண்ணெய் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சியும் தரும். ஒரிஜினல் மேப் 12.8 என்று வைத்துக்கொண்டால், காற்று 18 விழுக்காடு கூடியபிறகு அது 15.1 ஆகியிருக்க வேண்டும். சென்சாரைப் பொருத்தி, மேருவில் மாமாவின் நண்பர் ஒருவருடைய டைனோவை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து ஏற்றினோம். முழுசாக முறுக்கியபோது மீட்டர் 15ஐச் சுற்றியே நின்றது. மாமா மீட்டரைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். "நிறுத்து, நிறுத்து, போதும்" என்றார். அந்தத் தம்பி இப்படித்தான் மூன்று மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

சரி செய்வது எளிய கணக்கு. இருக்கும் எண்ணை வேண்டிய எண்ணால் வகுத்து, அந்த விகிதத்தில் எண்ணெயைக் கூட்டினால் போதும். 15.1ஐ 12.8ஆல் வகுத்தால் 1.18. ஆனால் அங்கே ஒரு சிக்கல் வந்தது. 10,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் ஒரு வேலைச்சுற்று முடிய 12 மில்லிவினாடிதான் ஆகும். அந்த நேரத்துக்குள் இன்ஜெக்டர் திறந்து, பீய்ச்சி, மூட வேண்டும். ஏற்கெனவே 9 மில்லிவினாடி திறந்திருந்தது. 18 விழுக்காடு கூட்டினால் 10.6. அதாவது நூற்றில் 88 பங்கு நேரம் திறந்தே கிடக்கும். அந்த அளவுக்குப் போனால் இன்ஜெக்டர் சொன்னபடி மூடித் திறப்பது சந்தேகம். பெரிய இன்ஜெக்டர் வாங்க வேண்டும். தம்பியிடம் காசு இல்லை. ஒரிஜினல் ப்ளாக்கை மறுபடி போடலாம் என்றால் அதை எப்போதோ விற்றுவிட்டான்.

இங்கேதான் அந்தச் சங்கடம். ஜேபிஜே அனுமதியில்லாமல் ப்ளாக் மாற்றுவது சட்டப்படி கூடாது. எங்கள் கடையில் பெரிய ப்ளாக் போடுவதில்லை. போட்டுக்கொண்டு வருகிறவனை என்ன செய்வது? போ என்று அனுப்பலாம். நம் கை சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த மோட்டார் நின்றுவிடாது. அன்றிரவே அது 15இல் முறுக்கிக்கொண்டு யாருக்கோ நாசி லெமாக் கொண்டுபோகும். நான் இதை மாமாவிடம் கேட்டேன். அவர் பேனா ஸ்டாண்டைத் திருப்பி வைத்தபடி, "லிமிட்டைக் குறை" என்றார்.

சுற்று எல்லையை 9,000க்கு இறக்கினால் ஒரு வேலைச்சுற்றுக்கு 13.3 மில்லிவினாடி கிடைக்கும். 10.6 என்பது 80 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். இருக்கும் இன்ஜெக்டரே போதும். முழு முறுக்கில் 12.5 வைத்தோம், பாதுகாப்புப் பக்கமாகவே. மெதுவாக ஓடும் கட்டங்களில் 14.7ஐ ஒட்டி வைத்தோம். டெலிவரிப் பையனின் நாள் பெரும்பாலும் அந்தக் கட்டங்களில்தான் கழிகிறது. தாமான் சந்து, சிக்னல், கார்ட் ஹவுஸ், மறுபடி சந்து. அங்கே மிச்சமாகும் எண்ணெய்தான் அவனுக்கு லாபம், புகையும் குறையும்.

"அக்கா, டாப் ஸ்பீட் போயிடுமே?" என்றான்.

மாமாதான் பதில் சொன்னார். "தம்பி, சோறு ஆறிப்போனா ஒரு ஸ்டார் குறையும். அவ்ளோதான்."

அவனுக்கு முழுத் திருப்தியில்லை. ஆனாலும் வந்துகொண்டிருக்கிறான். ஆயில் மாற்ற வரும்போது லாகைப் பார்க்கச் சொல்வான். லாகில் 9,000ஐத் தொட்டு நிற்கும் கோடுகள் நிறையவே இருக்கும். எல்லையை நான் ஏற்றவில்லை.

சென்சார் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று இதை வைத்து நினைத்துவிடக் கூடாது. போன ஆண்டு ஒருவர் தானே மீட்டர் பொருத்திய மோட்டாரில் வந்தார். மீட்டர் 16.5 காட்டியது. காத்து ஜாஸ்தி என்று இரண்டு முறை வேறு இடத்தில் எண்ணெய் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்ற ஏற்ற மோட்டார் இன்னும் மோசமானது. மீட்டரோ அசையவில்லை.

கடைக்குள் ஸ்டார்ட் செய்ததும் எனக்குப் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. காத்து ஜாஸ்தி என்றால் இப்படி வாடை வரக் கூடாது. "மாமா, பச்சை எண்ணெய் வாசம் வருது" என்றேன். அவருக்கு அது தெரியாது. தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையால் தொடையில் தாளம் போட்டார். அங்கங்கே ஓர் அடி விட்டுப்போனது.

"மிஸ் ஆகுது. தீப்பொறி வரல. பிளக் கேப்பைப் பாரு."

பிளக் கேப்பில் மயிரிழை அளவு விரிசல். மின்சாரம் அங்கேயே வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. தீப்பொறி இல்லாமல் போகும் ஒவ்வொரு முறையும் எண்ணெயும் எரியவில்லை, அதோடு போன ஆக்சிஜனும் எரியவில்லை. இரண்டும் அப்படியே எக்சோஸுக்குப் போயின. சென்சாருக்கு எண்ணெயை எண்ணத் தெரியாது. மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத்தான் அது எண்ணும். ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, ஆகவே காத்து ஜாஸ்தி. அது பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சரியாகச் சொன்னது. கேட்டவர்கள்தான் அதை முழுக் கதையாக எடுத்துக்கொண்டார்கள். புது கேப் மாட்டியதும் மீட்டர் 16.5இலிருந்து 10.8க்கு விழுந்தது. ஏற்றி வைத்த எண்ணெய் எல்லாம் இப்போதுதான் எரிந்து கணக்கில் வந்தது. அதையெல்லாம் இறக்கி முடிக்க மாலையாகிவிட்டது.

எரியாத எண்ணெயின் வாடையாவது மூக்குக்குத் தெரியும். எண்ணெய் கூடிய கலவை அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். அதற்கு வாசனையே கிடையாது. மாமாவின் மூக்கு நன்றாக இருந்த காலத்திலும் அதற்குப் பிடிபடாத ஒன்று அது. இத்தனை ஆண்டுகளாக மாலையில் வரும் தலைவலிக்கு அவர் வெயிலைக் காரணம் சொல்வார். இப்போது மழை பெய்தாலும் கடையின் இரண்டு ஷட்டரையும் திறந்து வைத்துத்தான் இன்ஜினை ஓட விடுகிறோம். பெரிய மின்விசிறி ஒன்று எக்சோஸ் பக்கத்திலிருந்து தெருவை நோக்கி ஓடுகிறது. இந்த ஒன்றை நான் கேட்டு அவர் மறுக்காமல் செய்தார்.

அளவுக்கருவி வந்தால் கைப்பழக்கம் அழியும் என்று சொல்வார்கள். எங்கள் கடையில் நான் பார்த்தது வேறு. முன்பு மாமா 'எண்ணெய் ஜாஸ்தி' என்றால் அதோடு பேச்சு முடிந்தது. அவர் சொல்வது தவறு என்று எனக்குத் தோன்றினாலும் எதை வைத்துச் சொல்வது? வயதும் அனுபவமும் அவர் பக்கம். இப்போது நடுவில் ஓர் எண் இருக்கிறது. அதை அவர் சந்தேகப்படலாம், நானும் சந்தேகப்படலாம். கேஸ்கெட் கசிகிறதா, தீப்பொறி வருகிறதா, சென்சார் கரி பிடித்திருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து தேடலாம். சண்டை போடக்கூட ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இருபத்தேழு வயதுப் பெண்பிள்ளை ஒரு மோட்டார் கடையில் வாய் திறந்து 'இல்ல மாமா' என்று சொல்ல, எனக்கு அந்த எண் தேவைப்பட்டது.

மாமாவின் மூக்கு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. காப்பி பரவாயில்லை என்கிறார். கறிவேப்பிலை தெரிகிறதாம். ஆரம்பத்தில் மோட்டாரை ஏற்றியதும், "எவ்ளோ காட்டுது?" என்று மீட்டரைத்தான் கேட்பார். கொஞ்ச நாளாக வேறு மாதிரி செய்கிறார். மீட்டரை என் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, இன்ஜினைக் காது கொடுத்துக் கேட்டு, முதலில் தன் எண்ணைச் சொல்கிறார். "பதிமூனு... பதிமூனரை." அதற்குப் பிறகுதான் நான் மீட்டர் எண்ணைப் படிக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் இரண்டு பத்திகள் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். இடது பக்கம் 'காது', வலது பக்கம் 'மீட்டர்'. முதல் பக்கங்களில் இரண்டுக்கும் நடுவே இரண்டு, இரண்டரை என்று வித்தியாசம் இருந்தது. சென்ற சனிக்கிழமை மூன்று மோட்டார்கள் பார்த்தோம். இரண்டில் அரைக்குள் சொல்லிவிட்டார். மூன்றாவதில் ஒன்று தள்ளிப்போனது. நான் எண்ணைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேஸ்கெட்டைப் பாரு" என்றார்.

கேஸ்கெட் கசியத்தான் செய்தது.